கேரவன் ஹீட்டர்

மொன்டானாவில் பனி கொட்டிய காலை. கேரவனுக்குள் நடுங்கியபடி மர்லீஸ் கணவன் டுவேனுக்குப் போன் செய்தாள்.

"ஹீட்டர் எரியல. விசிறி மட்டும் மெதுவா முனகுது."

"விசிறி வேகமாச் சுத்தினாத்தான் கேஸ் திறக்கும், அப்புறம்தான் பொறி பறந்து ஹீட்டர் பத்தும். பேட்டரி இறங்கியிருக்கும்." டுவேன் தயங்கினான். "வெளிய வந்து கரண்ட் ஒயரைப் பாரு."

மர்லீஸ் கதவைத் திறந்தாள். இருபதடி தள்ளி, அவர்களுடைய வீட்டு வாசலிலேயே டுவேன் நின்றான். ஒரு கையில் போன், மறு கையில் பிடுங்கிய ஒயர்.

"நேத்தே பிடுங்கிட்டேன். குளிரெடுத்தா நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு நெனச்சேன்."

"என்னைக் கேக்காம எங்கம்மா பியானோவை வித்தியே! வரமாட்டேன்."

"வராட்டி போ. நடுங்காதே" என்று ஒயரைச் செருகினான்.

விசிறி வேகமெடுத்தது. ஹீட்டர் குப்பென்று பற்றிக்கொண்டது.

"காபி ரெண்டு கப்பா எடுத்துட்டு வா" என்றாள் மர்லீஸ்.