கூட வந்தவர்

"நாப்பத்தேழு" என்று வாசலில் குரல் கேட்டதும், நலியாகா பக்கத்து வீட்டு சிமியுவின் கையை அழுத்தினாள்.

அவன் எழுந்தான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள். அவன் சட்டையில் பேக்கரி மாவின் வாசனை.

உள்ளே வரி அலுவலக அதிகாரி காகிதம் புரட்டும் சத்தம். அவள் பார்வையின்மை 'நிரந்தரம்' என்று மருத்துவர் அதில் எழுதியிருந்தார். நிரந்தரமானதற்கும் வரிவிலக்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

"இவங்களுக்குப் பார்வை போய் எத்தன வருஷம் ஆச்சு?"

குரல் அவளிடம் வரவில்லை. இடப்பக்கம், சிமியு நிற்கும் இடத்துக்குப் போனது. கித்தாலே நகரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஒரு குரல் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று அவளுக்குத் தெரியாமல் போகாது.

அவள் பதில் சொல்லவில்லை.

போன தடவை இதே அறையில் எல்லாவற்றையும் அவள் அண்ணனிடம்தான் கேட்டார்கள். அண்ணன், "அவ போன் எடுப்பா" என்றான். தாளில் 'வீட்டு வேலை' என்று ஏறியது. வீட்டு வேலைக்காரிக்கு ஏது அரசாங்கச் சம்பளம் என்று கேட்டுக் கேட்டு, வரிவிலக்குச் சான்றிதழ் வர எட்டு மாதம் ஆனது.

எட்டு மாதமும் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். காலையும் மாலையும் வாடகை மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கொடுக்கிற காசு அது. எட்டு மாதமும் லாரிகள் ஓடும் சாலையோரமாகக் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.

அந்தச் சான்றிதழ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"தம்பி, உங்கிட்டதான் கேக்குறேன். இவங்க என்ன வேல பாக்குறாங்க?"

மின்விசிறி சுற்றியது.

"இப்ப ஏதாவது தெரியுதா இவங்களுக்கு? கொஞ்சமாவது?"

சிமியுவின் முழங்கை அசைந்தது. அவள் அவன் உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பொறு.

"என்ன தம்பி சிரிப்பு? வெளிய எத்தன பேரு நிக்கிறாங்க பாத்தேல்ல? வாயத் திறக்க இஷ்டமில்லன்னா சொல்லு, ஃபைலத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிர்றேன். மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஃபைல் மூடும் சத்தம் கேட்டது.

நலியாகாவின் முகத்தில் லாரிக் காற்று அடித்தது போலிருந்தது. கோலை இறுக்கிப் பிடித்தாள்.

வெளியே யாரோ இருமினார்கள்.

"ஏம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்."

இப்போது குரல் நேராக வந்தது.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம் சார்" என்றாள்.

பார்வை போய் இருபத்திரண்டு வருடம். வேலை, டெலிபோன் ஆபரேட்டர். பார்வை திரும்பவில்லை, திரும்பினால் தானே வந்து சொல்வதாகச் சொன்னாள். அவர் எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். 'ஆபரேட்டர்' என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

முத்திரை விழுந்தது.

"கூட வந்தவர் பேரு?"

"எங்கூட யாரும் வரல சார்."

"அப்ப இவரு?"

"இவரு நாப்பத்தெட்டாம் நம்பரு. காது கேக்காது. நாந்தான் இவருக்குக் கூட வந்தவ."

நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்த ஃபைல் திறந்தது. பேனா மேசையில் இரண்டு முறை தட்டியது.

"சரிம்மா. இவரு என்ன வேல பாக்குறாரு?"

குரல் நேராக அவளிடம் வந்தது.

நலியாகா பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து, பேனா தட்டிய இடத்துக்கும் சிமியுவுக்கும் நடுவே மேசைமேல் வைத்தாள். நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தாள். கோலை மடக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

பதில் சொல்லவில்லை.