மூன்றாவது சங்கிலி

"என் தலையில என்ன பாக்கீங்க மீரான் பாய்? வேலையப் பாருங்க!"

மாலதி சிடுசிடுக்க, நாகூர் மீரான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். ரிக் எனப்படும் நடுக்கடல் எண்ணெய் மேடையில் இருவரும் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒருநாளும் அவர் இப்படிப் பார்த்ததில்லை.

செம்பூர் திலக் நகரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி. கணபதி விசர்ஜனத்துக்காகத் தார்ப்பாய் விரித்துக் கட்டிய இடுப்பளவுக் குளம். பிள்ளையார் முந்தாநாளே கரைந்துபோக, குளம் முழுக்க டீ நிறத்தில் களிமண் தண்ணீர். அதன் நடுவே மூன்று மிதவைகளின் மேல், ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிக் காற்றாலை ஜம்மென்று நின்றது.

கரையில் ஹெல்மெட்டும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுமாக மாலதியின் டீம்.

"கொழந்தைகள் வெளையாடற தண்ணிக்கு லைஃப் ஜாக்கெட்டா!" சொசைட்டி செக்ரட்டரி நாணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பால்கனிகள் எல்லாம் ஹவுஸ்ஃபுல்.

"ரிக்ல பழகின பழக்கம் சார். போகாது," என்றாள் மாலதி.

காற்றாலைக் கம்பெனி சேர்மன் சாய்நாத் மாட்டுங்காவிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆழ்கடல்ல தூண் நட முடியாதும்மா. மிதக்க விட்டுத்தான் கட்டணும். எண்ணெய் மேடையையே கட்டிப்போட்டவா நீங்க, அதான் கூப்பிட்டேன். ஆனா இன்னைக்கு இது இடத்தை விட்டு நகர்ந்துதோ, வேலையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன்."

"நகராது சார். காலைல நானே முங்கி, மூணு சங்கிலியையும் நங்கூரத்தோட பூட்டியிருக்கேன்."

"நடுவுல யாராவது சொதப்பினா?"

"எங்க ரிக்ல ஒரு ரூல் உண்டு சார். ஏதோ தப்புன்னு பட்டா சமையல்காரர்கூடக் கைய உசத்தி 'ஸ்டாப்'னு சொல்லலாம். எல்லாரும் அப்படியே நின்னுருவோம். நிறுத்தினவர யாரும் ஒரு வார்த்தை திட்ட மாட்டோம். அந்த ரூலையும் இங்க கொண்டு வந்திருக்கோம்."

"பேஷ்!" என்றார் சேர்மன்.

காற்றுக்கு நாணு வீட்டு பெடஸ்டல் ஃபேன். அலைக்கு, ஆளுக்கொரு பலகையோடு டீம் ஆட்கள் செல்லப்பாண்டியும் வெங்கடேஷும்.

"ரெடி… ஒன்… டூ…"

"ஸ்டாப்!"

கையை உயர்த்தி நின்றார் மீரான். எல்லாரும் சிலையானார்கள்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல மேடம்… என் செல்போன் தண்ணில விழுந்துட்டு."

சொன்னவர் தொப்பென்று குதித்தார். லைஃப் ஜாக்கெட் அவரை முங்க விடவில்லை, தக்கை மாதிரி மேலே தூக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

"கண்பதி பப்பா…" என்று ஒரு பால்கனி கத்த, "மோர்யா!" என்றன மற்ற பால்கனிகள்.

மூச்சு வாங்க எழுந்தவர் மறுபடி முங்கினார்.

"புட்ச்யா வர்ஷி லவ்கர் யா!" அடுத்த வருஷம் சீக்கிரம் வரச்சொல்லிக் கோஷம் போட்டது மொத்த சொசைட்டியும்.

சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலதிக்கு மானம் போனது.

"எங்க வந்து என்ன பண்ணிட்டிருக்கீங்க பாய்? போன்தான் முக்கியமா? மேல வாங்க!"

திட்டக்கூடாது என்ற ரூல் காற்றில் பறந்தது.

மீரான் கரையேறினார். தலை முதல் கால் வரை களிமண். இடது கையால் பேண்ட்டை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"போன் கெடைக்கல மேடம். போனாப் போவுது, நீங்க ஆரம்பிங்க." சேர்மனைப் பார்த்து ஒற்றைக் கையால் ஒரு கும்பிடு வேறு.

"சேர்மன் முன்னாடி பேண்ட்டப் பிடிச்சிட்டு நிக்கீங்களே, வெக்கமா இல்ல? இந்த வேலை கெடைச்சாலும் என் டீம்ல நீங்க வேண்டாம்."

மீரானின் முகம் வாடியது. ரிக் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவர்.

"சரி மேடம்," என்றார்.

ஃபேன் சுழன்றது. பலகைகள் தண்ணீரை விளாச, அலை எழும்பியது. முதல் அலையில் நாணு நனைந்தார், இரண்டாவதில் சேர்மன். காற்றாலை குனிந்தது, நிமிர்ந்தது, இறக்கைகள் விர்ரென்று சுற்றின. ஆனால் இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"நிக்கறது! அப்படியே நிக்கறதே!" சேர்மன் சொட்டச் சொட்ட எழுந்து குதித்தார். "வேலை உங்களுக்குத்தாம்மா!"

பால்கனிகளில் விசில் பறந்தது. விசர்ஜனத்துக்கு வந்த டோலக் ஒன்று எங்கிருந்தோ முழங்க, நாணு யாருடைய ஹெல்மெட்டையோ மாட்டிக்கொண்டு ஆடினார்.

மாலதிக்குத் தலைகால் புரியவில்லை. அவளும் ஒரு சுற்று ஆடினாள்.

அப்போதுதான் கரையில் கிடந்த டிபன் பையில் ஒரு செல்போன் மணியடித்தது. மீரானின் பை, மீரானின் போன்.

பொய்யா சொன்னார்? மாலதிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, பிடரியில் தளர்ந்து தொங்கிய கொண்டையை முடியக் கையைக் கொண்டுபோனாள். விரலில் சில்லென்று இரும்பு பட்டது.

உருவிப் பார்த்தாள். சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டும் இரும்பு 'பின்'. காலையில் இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கொண்டையில் செருகியது, அங்கேயே இருந்திருக்கிறது.

அப்படியானால் மூன்றாவது சங்கிலி?

குளத்தில் இறங்கி அதைத் தூக்கினாள். கனமாக வந்தது. நங்கூரமும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பூட்டியிருந்தது ஒரு தோல் பெல்ட்.

பக்கத்தில் வந்து குனிந்தார் மீரான்.

"அத மட்டும் குடுத்திருங்க மேடம், நான் வீட்டுக்குப் போயிருதேன். எவ்வளவு நேரந்தான் பேண்ட்டப் பிடிச்சிட்டே நிக்க?"