மறுபடியும் முதலிலிருந்து

மனநல ஆலோசகர் பயிற்சியில் சேர்வதா வேண்டாமா என்று ஜெபராணி அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். மகள் பிரின்சிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வீட்டுக்கு வீடு சுவத்துலயே ஏ.ஐ. ஆலோசகர் பேசுது. உன்னைத் தேடி யாரும்மா வரப்போறா?"

கணவர் இறந்தபோது ஜெபராணியைத் தேற்றியதும் அந்தச் சுவர்க்குரல்தான்.

அப்போது எதிர்வீட்டு தேவசகாயம் வாசலில் வந்து நின்றார். சமீபத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர்.

"சுவரு நல்லாத்தான் பேசுது, தங்கச்சி. ஆனா அவ போன கதையை நான் எடுத்தாலே, 'இதை முன்பே சொல்லிவிட்டீர்கள், மேலே பேசலாமா'ங்குது."

அந்தக் கதை ஜெபராணிக்கும் மனப்பாடம். இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, துக்கம் விசாரிக்க முதன்முதலாகப் போனவளைப் போலவே கேட்டாள்.

"மதினிக்கு எப்படிண்ணே ஆச்சு?"

அவர் காலைக் காப்பியிலிருந்து ஆரம்பித்தார். வழக்கமாக ஆம்புலன்சுக்குத் தாவிவிடும் இடத்தில் இன்று தயங்கி நின்றார்.

"காப்பியில சீனி இல்லைன்னு கத்திட்டேன், தங்கச்சி. அவகிட்ட நான் கடைசியாப் பேசினது அதுதான்."

இதுவரை யாரிடமும் அவர் சொல்லாதது. அழுது முடித்தபின் அவருக்குப் பசித்தது. இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெபராணி பயிற்சி மையத்துக்குப் பேசி, சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். பிரின்சி கேலி செய்யவில்லை. தேவசகாயம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு எப்படிம்மா ஆச்சு? முதல்ல இருந்து சொல்லு."