ஆர்லீன் போட்ட சத்தம்

"வேலை தெரியலைன்னா கடையை இழுத்து மூடிட்டுப் போ, கோர்டி!"

குளிர்கால டயர் மாட்டுவதற்காகக் கோர்டியின் பட்டறையில் காரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த காபி என் மடியிலேயே தளும்பிச் சிந்திவிட்டது.

பின்னே என்ன? கனடாவில், சஸ்காட்செவான் மாகாணத்தின் இந்த மூலையில், எங்கள் ஊரில், ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவர்தான் முதலில் 'சாரி' சொல்வார். இங்கே பட்டப்பகலில், நாலு பேர் முன்னால் ஒரு மெக்கானிக்கைப் பார்த்து இப்படியா கத்துவது?

அதுவும் யார்? ஆர்லீன்! ஊரில் யார் இருமினாலும் சூப் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிற ஆர்லீன்!

அவள் கணவர் வில்ஃப் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தொப்பியை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றான் கோர்டி, கையைத் துடைத்தபடி.

"என்ன ஆச்சா? திங்கக்கிழமை உன்கிட்டதானே ஆயில் மாத்தினோம்? புதன்கிழமை பார்த்தா மஞ்சள் லைட் எரியுது! என்ஜின் படம் போட்ட லைட்டு!"

"ஆர்லீன், விடேன்..." என்றார் வில்ஃப்.

"நீங்க சும்மா இருங்க!" என்று அவரை அடக்கிவிட்டு மறுபடி கோர்டியிடம் திரும்பினாள். "பக்கவாதம் வந்து எழுந்த மனுஷன் இவர். இந்த வருஷம் பூரா ஸ்டியரிங்கைத் தொடலை. இப்பத்தான் டாக்டர் நல்லா பரிசோதிச்சுட்டு, தாராளமா ஓட்டலாம்னு சொன்னார். ஆசை ஆசையா வண்டியை எடுத்தார். தானே போய்ப் பெட்ரோல் போட்டுட்டு வந்தார். லைட் எரிஞ்சதும், 'என் கை விளங்காத கை, நான்தான் எதையோ கெடுத்துட்டேன், இனிமே ஓட்டமாட்டேன்'னு சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல வச்சுட்டார். அதுலேருந்து ஜன்னலே கதின்னு உட்கார்ந்திருக்கார். எல்லாம் உன்னாலதான்!"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோர்டி தங்கமான பையன். உறைபனியில் யார் வண்டி நின்றுபோனாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவன். அவனையா இப்படி? சாயங்காலம், பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் எங்கள் கர்லிங் கிளப்பில் இதைச் சொல்லாமல் விடப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கோர்டி வெளியே போனான். அவர்கள் காரில் ஒரு சின்ன மெஷினைச் சொருகிப் பார்த்தான். சுற்றி வந்து எதையோ திருகினான். திரும்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"பெட்ரோல் டேங்க் மூடி சரியா மூடலைம்மா. 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகியிருக்கணும். லூசா இருந்தாலே அந்த லைட் எரியும். ஆயில் மாத்தினப்போ நான் அதையும் திறந்து பார்த்தேன். மூடுறப்போ கோட்டை விட்டுட்டேன். என் தப்புதான்."

பிறகு வில்ஃப் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்கோங்க வில்ஃப். உங்க கைமேல ஒரு குத்தமும் இல்லை."

"கேட்டீங்களா? உங்க கை இல்லை, இவன் கை!" என்றாள் ஆர்லீன். இன்னும் ஏதாவது திட்டியாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "நாசமாப்போன..." என்று ஆரம்பித்தாள். வார்த்தை அகப்படவில்லை. "...மூடி!" என்று முடித்துவிட்டு விருட்டென்று வெளியேறினாள். போகிற போக்கில், வாசலில் கோணலாகக் கிடந்த மிதியடியைக் காலால் நேராக்கிவிட்டுத்தான் போனாள்.

வில்ஃப் எழுந்தார். கோர்டியிடம் கையை நீட்டினார். "சாவியைக் கொடு. நானே ஓட்டறேன்."

அவர் போனதும் நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அந்தம்மாவுக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு? நீயும் வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கறே?"

கோர்டி சிரித்து மழுப்பினான்.

கதவு மறுபடி திறந்தது. வில்ஃப்தான். தொப்பியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டவர் உடனே கிளம்பவில்லை. ஆர்லீன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் கோர்டி, ஆயில் மாத்தறதுக்குப் பெட்ரோல் மூடியை எதுக்குத் திறக்கணும்?"

கோர்டி திருதிருவென்று விழித்தான். "அது வந்து..."

"காலம் பூரா டிராக்டரைப் பிரிச்சு மாட்டினவன்கிட்டயா கதை விடறே? மூடியைச் சரியா மூடாதவன் நான்தான். ஒத்தைக் கையில பிடி பத்தலை. இனிமே ரெண்டு கையாலயும் திருகுவேன், அவ்வளவுதானே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையில நான் ஷேவ் பண்ணிட்டிருந்தப்போ அவ உனக்கு போன் பண்ணினா. 'கோர்டி, நான் வந்து உன்னைப் பார்த்துக் கத்துவேன், பழியை நீ ஏத்துக்கணும்'னு கெஞ்சினா. வரிக்கு வரி சாரி வேற. எனக்கு எல்லாம் கேட்டுது. கேட்டதுன்னு அவகிட்ட சொல்லிடாதே."

என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும்தான்!"

கர்லிங் கிளப் கதையை அங்கேயே விழுங்கிவிட்டேன்.

வில்ஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தார்.

"ஜென்மத்துல யார்கிட்டயும் குரலை உசத்தாதவ, கோர்டி, அவ. எனக்காக நாலு பேர் முன்னாடி நின்னு கத்திட்டா. இதுக்கப்புறமும் நான் சாவியைக் கீழே வச்சேன்னா, நானெல்லாம் ஒரு மனுஷனா?"