ஒரு வரி பாக்கி

“இன்னொரு டேக் போயிடலாம்,” என்றார் இயக்குநர்.

ஒலிப்பதிவாளர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். காலையிலிருந்து இந்த ஒரே வரிதான். திரையில் மகளாக நடித்தவள், வாசலில் நிற்கும் அப்பாவைப் பார்த்து, “மன்னிச்சிட்டேன்பா, உள்ள வாங்க” என்று உதடசைக்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் டப்பிங் கலைஞர் அதைக் குரலில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த ஸ்டுடியோவுக்கு ஒலிப்பதிவாளர் புதுசு. இயக்குநரை நேரில் பார்ப்பதும் இதுதான் முதல் தடவை. சிரிப்புப் படம், பேய்ப் படம், போர்ப் படம், குடும்பப் படம் என்று எதைத் தொட்டாலும் வெளுத்து வாங்கிய மனிதர். இதுதான் கடைசிப் படமாம். கதை, வசனம் எல்லாம் அவரே.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“மன்னிச்சிட்டேன்பா, உள்ள வாங்க.”

திரையின் உதடசைவோடு வார்த்தை கச்சிதமாகச் சேர்ந்தது. குரலில்தான் உயிர் இல்லை. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரை உள்ளே கூப்பிடுவது போல் இருந்தது.

“ஏம்மா, இது உன்னால முடியாததா?” இயக்குநர் கெஞ்சாத குறைதான். “பேய்ப் படத்துல நீ அலறின அலறலுக்கு ஆளுங்க காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டாங்களே! சிரிப்புப் படத்துல மூக்கால சிரிச்சியே, ஊரே கொஞ்ச நாள் அப்படித்தானே சிரிச்சுது?”

“அதெல்லாம் சுலபம் சார்,” என்றாள் அவள்.

ஒலிப்பதிவாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இருந்தாலும் அந்தக் குடும்பப் படத்தை எதுவும் அடிச்சுக்க முடியாது சார். அம்மா செத்ததும் பொண்ணு அழுவாளே, அதைக் கேட்டுட்டு என் வீட்டுக்காரி நேரா அவங்க அம்மாவைப் பார்க்கப் போயிட்டா. விருது கூட அந்த அழுகைக்குத்தானே கொடுத்தாங்க? மேடம், அதுவும் உங்க குரல்தானா?”

“என் குரல்தான். ஒரே டேக்.”

“அடேயப்பா! எப்படி மேடம்?”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அந்தப் படத்தை விடுங்க. நான் எடுத்ததுலயே எனக்குப் பிடிக்காதது அதுதான்,” என்றார்.

பெரிய மனிதர்களுக்கு எவ்வளவு அடக்கம் என்று ஒலிப்பதிவாளர் வியந்துபோனார்.

இயக்குநர் மைக்கின் பக்கம் குனிந்தார். “கடைசியா ஒரே ஒரு தடவைம்மா. அந்தக் கிழவன் தப்பு பண்ணினவன்தான். அது அவனுக்கே தெரியும். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்து நிக்கிறான். பொய்யாவது சொல்லேன்.”

மறுபடி சிவப்பு விளக்கு. திரையில் நடிகையின் உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. காட்சி முடிந்து திரை இருட்டாகிவிட்டது. அப்புறம்தான் குரல் வந்தது.

“மத்த எல்லாத்தையும் நடிச்சிடுவேன். இது மட்டும் வரலப்பா.”

வசனத்தில் இப்படி ஒரு வரி கிடையாதே என்று பதறி, ஒலிப்பதிவாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, நேராக இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா போன மறுநாளே, ‘அழுகை காயறதுக்குள்ள ஒரு டேக் எடுத்துடலாம் வா’ன்னு என் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, இதே மைக் முன்னாலதானேப்பா நிக்க வெச்சீங்க?”