சுருள் கட்டுக்கு ஒரு விளக்கம்

"இந்தப் பக்கத்துல சீல் இருந்துச்சு. இப்போ இல்லை. எங்க போச்சு?"

ரத்னா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் கேட்டால்தான் தப்புச் செய்தவனுக்கு வியர்க்கும் என்பது அவள் அனுபவம்.

எதிரே நின்ற சஃப்வானுக்கு வியர்த்துத்தான் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு மயிலாப்பூர் வரை வெயிலில் வந்திருந்தான். ஆனால் ஒருத்தர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால், ரத்னாவைப் பொறுத்தவரை வியர்வைக்கு வேறு காரணம் கிடையாது.

அந்த அறக்கட்டளை நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியல் போடுவது அவள் வேலை. பட்டியல் முழுக்க இப்போது கம்ப்யூட்டருக்குப் போகிறது. கட்டு, அதாவது பைண்டிங் வகை ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார் நூலகர் புகழேந்தி. கெட்டி அட்டை, தையல் கட்டு எல்லாம் முடிந்து, சுருள் கட்டில் வந்து நின்றிருந்தாள்.

'தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, சுருள் கம்பியைச் சுற்றி ஏற்றிக் கட்டுவது.'

எழுதியது சரியா என்று பார்க்க, சற்று முன் சஃப்வான் திருப்பித் தந்த புவியியல் நோட்ஸைப் புரட்டினாள். தமிழ்நாட்டு ஆறுகள் வரைபடம் கண்ணில் பட்டது. கலரில் இருந்த படம் கறுப்பு வெள்ளையாகியிருந்தது. கை நீளுகிறவர்கள் முதலில் தொடுவது கலர் பக்கத்தைத்தான் என்று, அதன் மூலையில் அவளே வைத்த நூலக சீலும் இல்லை.

"மேடம், நான் எடுத்துக்கினு போகும்போதே அந்தப் பக்கம் இல்ல" என்றான் சஃப்வான். "வூட்ல போய்ப் பார்த்தாதான் தெரிஞ்சுது. கூட வேலை செய்றவர்கிட்ட இதே நோட்ஸ் கீது. அதுல ஜெராக்ஸ் எடுத்து நான்தான் சேர்த்தேன்."

"அப்போ கம்பியைக் கழட்டினது நீதான்."

"ஆமா மேடம், சேர்க்கறதுக்காக."

"உன்னை யார் சேர்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அடுத்து எடுக்கறவங்க படிக்கணுமே."

ரத்னாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர் உலகத்தில் இல்லாத உத்தமன். கலர் பக்கத்தை உருவிக்கொண்டு அந்த இடத்தில் ஜெராக்ஸைச் சொருகிவிட்டால் பக்க எண் சரியாக இருக்கும், எவள் பார்க்கப் போகிறாள் என்ற நினைப்பு.

பேச்சுச் சத்தம் கேட்டுப் புகழேந்தி அறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"இவருக்கு முன்னாடி யாராவது எடுத்திருக்கலாமேம்மா?"

"யாருமே எடுக்கலை சார். புதுசா வந்த புக்கு. நான்தான் சீல் வெச்சேன், நான்தான் ஷெல்ஃப்ல வெச்சேன். முதல்ல எடுத்ததே இவர்தான்."

"சரி, இனிமே நடக்காம இருக்க என்ன வழியோ அதைப் பண்ணும்மா" என்று புகழேந்தி உள்ளே போய்விட்டார்.

ரத்னா உட்கார்ந்து விளக்கத்தை முடித்தாள். அவன் காதில் விழட்டும் என்றே வாய்விட்டுப் படித்தாள்.

"இவ்வகைக் கட்டில் தாளைக் கழற்றினாலும் தடம் தெரியாது. ஆகவே நூலகத்தில் அமர்ந்து படிக்க மட்டும். வீட்டுக்கு வழங்கலாகாது."

சஃப்வான் முகம் மாறியது.

"மேடம், குரூப் டூ நோட்ஸ் எல்லாமே ஸ்பைரல்லதான் கீது. நான் வேலை முடிச்சு வர்றதுக்குள்ள லைப்ரரி மூடிடுது. ஞாயித்துக்கெழமை இங்க லீவு. வூட்டுக்குக் குடுக்கலன்னா நான் எப்படிப் படிக்கிறது?"

"கைய வெக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

சஃப்வான் அடுத்து எடுத்துப் போக வைத்திருந்த வரலாறு நோட்ஸை மேஜை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். மறுபேச்சுப் பேசாமல் போனதே போதும், குற்றமுள்ள நெஞ்சு என்று ரத்னா முடிவுகட்டினாள். விளக்கத்தை அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றியும் விட்டாள்.

சாயங்காலம் தேனாம்பேட்டை வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னாள். நிஷாவும் அதே பரீட்சைக்குத்தான் படிக்கிறாள். ஒரு திருட்டைப் பிடித்த தெம்பில் தோசைகூட முறுகலாக வந்தது.

"எந்த மேப்பும்மா? ஆறுகள் மேப்பா?"

"அதேதான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு."

"அது என் ஃபைல்ல இருக்கே."

ரத்னா திரும்பிப் பார்த்தாள். நிஷா சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசா எது வந்தாலும் ஷெல்ஃப்ல வெக்கறதுக்கு முன்னாடி எனக்குத்தானே கொண்டு வருவே? இதையும் கொண்டு வந்தியே. கம்பியைச் சுத்தினேன், கையோட வந்துடுச்சு. உனக்கே தெரியலைல்ல?"

சீல் வைத்த புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவதை, புத்தகம் எடுப்பது என்று ரத்னா ஒருநாளும் நினைத்ததில்லை. நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே. படியிறங்கிப் போனவனை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நிஷா அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினாள்.

"அந்த இடத்துல அவரு ஜெராக்ஸ் வெச்சாராம்மா? எனக்கு அதுகூடத் தோணலையே."