விரிப்பின் மறுமுனை

"குதிகால்ல யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்மா. அமுக்காத, விடு."

"அமுக்கலைன்னா நாளைக்கு எப்படி ஆடுவ? காலைக் காட்டு."

சலவைக்காரி விடவில்லை. மாணவியின் பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈர விரிப்புகளைத் தூக்கிப்போட்ட கை. சலவைத்தூள் தின்று விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"உன் கைக்கு ஏதாவது மருந்து போட்டியா?"

"என் கையா மேடை ஏறப் போகுது? கிடக்கட்டும். நீ சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு."

"பொய். தட்டு காஞ்சு கிடக்கு."

பல்கலைக்கழக நடனத்துறையில் மாணவிக்கு இது கடைசி வருஷம். நாளைக்குக் கடைசி ஆட்டம். ஊர் ஊராய்ப் போய் ஆடும் பெரிய குழு ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து உட்காரப் போகிறார்கள். பிடித்துப்போனால் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் பட்டத்தைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

"கூட ஆடுறதுங்க எல்லாம் ரப்பர் பந்து மாதிரி எகிறுதுங்க. எனக்கு முட்டியை மடக்கினா கதவுக் கீல் மாதிரி சத்தம் வருது."

"எண்ணெய் விடட்டுமா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"டீச்சர் என்னதான் சொல்றாங்க?"

"எகிறாத, நில்லு. நீ நின்னாலே பார்ப்பாங்கன்னு."

"அப்புறம் என்ன? எந்திரி. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

சலவைக்காரி கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினாள். ஆட்டமே அந்த விரிப்புதான். சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதற வேண்டும். எதிரெதிரே நடந்து வந்து, தன் கையில் இருக்கும் முனையை எதிராளி கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். ஒருநாள் வீட்டில் இரண்டு பேரும் இப்படி மடித்துக்கொண்டிருக்கும்போது மாணவி சட்டென்று நின்றாள். அதையே ஆட்டமாகக் கட்டிவிட்டாள். மேடையில் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடையாது. இருக்கிற மாதிரி ஆட வேண்டும்.

வீட்டில் மட்டும் மறுமுனை சலவைக்காரியிடம் இருந்தது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் அவளும் நடந்தாள், திரும்பினாள், குனிந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் முதுகு வளைந்து நிமிர்ந்தது. மாணவி தன் அடியை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

"என்ன முறைக்கிற?"

"என்னைவிட நீ நல்லா ஆடுற."

"ஐஸ் வைக்காத. விரிப்பு தரையில இழுபடுது பாரு, அப்புறம் நான்தான் துவைக்கணும்."

"நிஜமாத்தான் சொல்றேன்மா. நாளைக்கு என்னை எடுத்துட்டாங்கன்னா மாசச் சம்பளம். நீ அந்த வேலையை விட்டுடலாம்."

"விட்டுட்டு?"

மாணவி கையில் இருந்த விரிப்பின் முனையை நீவினாள்.

"சொல்லு, விட்டுட்டு என்ன பண்ண? நானும் போய் அங்க சேர்ந்து ஆடவா?"

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. அன்னைக்கு என்ன சொன்னேன்? உடம்பு வளையுற வயசு போனா வராது, நீ முதல்ல படிக்கப் போ, நான் வேலைக்குப் போறேன்னு சொன்னேனா? 'முதல்ல'ன்னா என்ன அர்த்தம்? பின்னாடி ஒருத்தி நிக்கிறான்னுதானே?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்து வந்து, தன் கையில் இருந்த முனையை அவள் கையில் கொடுத்தாள். தோல் உரிந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சலவைக்காரி அரை நாள் லீவு கேட்டாள். "ஆட்டம் பார்க்க லீவா? இங்க மெஷின் ஆடுறது போதலையா உனக்கு?" என்று சூப்பர்வைசர் நக்கலடித்தார். அதையும் வாங்கிக்கொண்டு, சோப்பு வாசனையோடு ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தாள்.

அரங்கத்தின் பக்கவாட்டு வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள். நொண்டியபடி வந்த மாணவியிடமிருந்து பையை வாங்கிச் சலவைக்காரி தோளில் மாட்டியிருந்தாள். உள்ளே விரிப்பு.

"ஆடுறவங்க இந்தப் பக்கம், பார்க்க வந்தவங்க மாடிக்கு," என்று கத்திக்கொண்டிருந்த காவலாளி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒப்பனை அறைக் கதவைத் திறந்து சலவைக்காரியை விட்டார்.

"உள்ள போ பாப்பா, நேரமாச்சு." பின்னாலேயே நுழையப் போன மாணவியைக் கை நீட்டித் தடுத்தார். "நீங்க மாடிக்குப் போங்கம்மா."

உள்ளே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. அதன் முன்னால் பெண்கள் காலை நீட்டி வளைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து சலவைக்காரிக்கு இடம் விட்டாள். அந்தக் காலி இடத்தில், கண்ணாடிக்குள், தோளில் பையோடு தான் நிற்பதை அவள் பார்த்தாள். காவலாளியின் தவறை உடனே திருத்தவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு வெளியே வந்து பையைக் கழற்றி மாணவியின் தோளில் மாட்டினாள்.

"ஆள் மாறிப்போச்சுண்ணே. ஆடுறது எங்கம்மா. மாடிக்குப் போறது நான்."

தாய் விரிப்போடு உள்ளே போனாள். மகளுக்கு ஒரு படிப்பை அவள் திருப்பித் தர வேண்டியிருந்தது.